'மரக்கட்டை' என்னும் மின் கித்தார்

நூதனசாலைகளிற் பேணப்படும் பொருள்கள் யாவும் கண்ணுக்கு இனியனவாய் இருப்பதில்லை. மன்னர் அணிந்த முடியும் மணிகள் இழைத்த வாளும் காண்போரைத் தாமாகவே அழைத்து நிறுத்துகின்றன. வேறு சில பொருள்களோ, அவற்றின் வரலாற்றை அறிந்த ஒருவர் அருகில் நின்று எடுத்துரைத்தாலன்றி எவரையும் நிறுத்துவதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் டெனசி மாநிலத்திலுள்ள நாஷ்வில் நகரில், 'கன்ட்ரி' எனப்படும் நாட்டுப்புறப் பாங்கான இசைக்கென ஒரு புகழ்மண்டபமும் அதனோடு இணைந்த நூதனசாலையும் உண்டு. 1967ஆம் ஆண்டு திறக்கப்பெற்று, 2001ஆம் ஆண்டு முதல் புதிய கட்டடத்தில் இயங்கிவரும் அந்நூதனசாலையின் சேகரிப்பில் உள்ள கித்தார் ஒன்று, இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தது.

தூரத்தே நின்று நோக்குவோர்க்கு அது அகன்ற உடலும் நீண்ட கழுத்தும் கொண்ட வழக்கமான கித்தாராகவே தோன்றும். அருகிற் சென்று பார்த்தால் விந்தையொன்று புலப்படும். அக்கித்தாரின் உடல் நீளவாக்கில் இரண்டாக அறுக்கப்பட்டிருக்கிறது. அறுத்த இரு பாதிகளுக்கும் இடையே சதுரமான மரத்துண்டு ஒன்று நிற்கிறது. 4 அங்குல அகலமும் 4 அங்குலத் தடிப்பும் உள்ளதெனக் கூறப்படும் பைன் மரக்கட்டை அது. வீடு கட்டுவோர் தூணுக்கும் சட்டத்துக்கும் வாங்கும் மலிவான மரம். தந்திகள் ஓடுவதும், அவற்றைத் தாங்கும் குதிரை அமர்ந்திருப்பதும், ஒலியை மின்னாக்கும் உறுப்புகள் பதிந்திருப்பதும், கழுத்து பொருந்தியிருப்பதும் எல்லாம் அந்த நடுக்கட்டையிலேயே. இரு புறமும் சிறகுகள் போல ஒட்டி நிற்கும் பாதிகளுக்கு இசையில் வேலை எதுவும் இல்லை. அவற்றைக் கழற்றி வைத்துவிட்டாலும் வாத்தியம் முன்போலவே ஒலிக்கும்.

இதனை ஆக்கியவரும் வாசித்தவரும் லெஸ் பால் என்னும் புகழ்பெற்ற அமெரிக்க இசைக்கலைஞர். அவர் இதற்கு இட்ட பெயர் 'லாக்' என்பது. தமிழிற் கூறின், வெறும் 'மரக்கட்டை'. ஒலிக்கு வேண்டிய பகுதி எது, கண்ணுக்கு வேண்டிய பகுதி எது என்பதை ஒரே உடலில் இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டும் வாத்தியம் வேறொன்றைக் காண்பது அரிது. ஒரு கலைஞர் கித்தாரைக் கட்டையாக்கியது ஏன், கட்டையாக்கிய பின்னர் அதற்கு மீண்டும் கித்தாரின் வேடம் புனைந்தது ஏன் என்னும் இரண்டு வினாக்களுக்கும் விடை காண்பதே இதன் வரலாற்றை அறிவதாகும்.

முதலாவது வினாவுக்கு விடை காண, தந்தி வாத்தியம் எவ்வாறு ஒலிக்கிறது என்பதைச் சிறிது நோக்குதல் வேண்டும். இழுத்துக் கட்டிய தந்தி ஒன்றை மீட்டினால் அது அதிர்கிறது. கித்தாரின் ஐந்தாம் தந்தி விநாடிக்கு 110 முறை அதிரும். ஆயினும் தந்தி மிக மெல்லியது. அது அசைக்கும் காற்றும் மிகச் சிறிது. சுவரில் இரண்டு ஆணிகளை அறைந்து அவற்றிடையே கம்பியைக் கட்டி மீட்டினால், அடுத்த அறையில் இருப்பவருக்கு அது கேளாது. ஆகவேதான் வீணைக்குக் குடமும், வயலினுக்கும் கித்தாருக்கும் உள்ளீடற்ற பேழை போன்ற உடலும் அமைந்தன. தந்தியின் அதிர்வு குதிரை வழியாக மெல்லிய மேற்பலகைக்கு இறங்குகிறது. பலகை பரந்தது ஆகையால் மிகுந்த காற்றை அசைக்கிறது. ஒலி பெரிதாகிறது.

ஆனால் இயற்கை எதனையும் விலையின்றித் தருவதில்லை. பலகையை அசைப்பதற்கு வேண்டிய ஆற்றல் தந்தியிலிருந்தே செல்கிறது. பலகை எவ்வளவு விரைவாக அதனை வாங்கிக் காற்றிற் பரப்புகிறதோ, அவ்வளவு விரைவாகத் தந்தியின் அசைவு ஓய்கிறது. வில்லால் இழைக்கப்படும் வயலினுக்கு இது குறையன்று. வில் ஓயாது ஆற்றலை ஊட்டிக்கொண்டே இருக்கும். விரலால் ஒருமுறை மீட்டி விடப்படும் கித்தாருக்கோ, சுரம் எழுந்த கணத்திலேயே தேயத் தொடங்குகிறது. அதனோடு, எக்காளங்களும் முரசுகளும் முழங்கும் பெரிய இசைக்குழுவின் நடுவே கித்தாரின் குரல் எடுபடுவதும் இல்லை. 1920களிலும் 1930களிலும் அமெரிக்க நடன மண்டபங்களில் வாசித்த கித்தார்க் கலைஞர்களின் பெருங்குறை இதுவே. தாளத்தைத் தாங்கிப் பின்னால் அமர்ந்திருப்பதன்றி, முன்னால் வந்து தனித்து வாசிக்கும் உரிமை அவர்களுக்குக் கிட்டவில்லை.

இக்குறையை நீக்க வந்தது மின்சாரம். காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பியைப் பல்லாயிரம் சுற்றுகளாகச் சுற்றி, அதனை உருக்குத் தந்திகளின் கீழே வைத்தனர். காந்தத்தின் அருகே இருக்கும் உருக்குத் தந்தி தானும் காந்தத் தன்மை பெறுகிறது. அது அதிரும்போது காந்தப் புலம் அசைகிறது. புலம் அசையும்போது செப்புச் சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. 1831ஆம் ஆண்டு மைக்கேல் பரடே கண்டறிந்த விதியே இங்குத் தொழிற்படுகிறது. விநாடிக்கு 110 முறை தந்தி அதிர்ந்தால், மின்னோட்டமும் அதே கதியில் ஏறி இறங்கும். அந்த நுண்ணிய மின்னோட்டத்தை வானொலிப் பெட்டியில் உள்ளவை போன்ற வால்வுகளாற் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பினால், தந்தியின் குரல் மண்டபம் முழுவதும் கேட்கும். இசைக்கலைஞர்கள் 'பிக்கப்' என வழங்குவது இந்தக் காந்தச் சுருளையே. நைலோன் தந்தியும் நரம்புத் தந்தியும் காந்தத்துக்கு வசப்படாதவை ஆதலால், இவ்வகைக் கித்தாருக்கு உருக்குத் தந்தியே வேண்டும்.

1936ஆம் ஆண்டு கிப்சன் நிறுவனம் இத்தகைய சுருளை வழக்கமான கித்தாரின் மேற்பலகையிற் பொருத்தி விற்பனைக்குக் கொணர்ந்தது. 1939ஆம் ஆண்டு பெனி குட்மன் என்னும் புகழ்பெற்ற கிளாரினெட் கலைஞரின் குழுவிற் சேர்ந்த சார்லி கிறிஸ்தியன் என்னும் இளைஞர், அவ்வகைக் கித்தாரைக் கொண்டு தனி வாசிப்பின் வலிமையை உலகுக்கு உணர்த்தினார். ஆயினும் ஓர் இடர் எஞ்சி நின்றது. பொதுக்கூட்டங்களில் ஒலிவாங்கியை ஒலிபெருக்கிக்கு அருகே கொண்டு சென்றால் எழும் காதைத் துளைக்கும் கூவலை நேயர்கள் அறிவர். உள்ளீடற்ற கித்தாரிலும் இதுவே நிகழ்ந்தது. ஒலிபெருக்கியின் ஓசை கித்தாரின் மேற்பலகையை அசைக்கும். பலகை தந்தியை அசைக்கும். தந்தி சுருளில் மின்னை எழுப்பும். அது மீண்டும் பெருகி ஒலிபெருக்கியில் வெளிப்படும். இவ்வாறு தன்னைத் தானே ஊட்டி வளரும் ஓசை இறுதியில் ஓலமாக முடியும். பெருக்கியின் வலுவைக் கூட்டக் கூட்ட இவ்விடரும் கூடியது.

இங்கேதான் ஓர் எளிய கேள்வி எழுகிறது. ஒலியைப் பெருக்கும் வேலையை மின்சாரம் ஏற்றுக்கொண்ட பின்னர், பேழை போன்ற உடல் எதற்கு? பலகையே ஓசையை அள்ளிச் சென்று தந்தியை விரைவில் ஓயச் செய்கிறது. பலகையே ஒலிபெருக்கியின் ஓசையைப் பற்றிக்கொண்டு கூவுகிறது. அவ்வாறாயின் அசையாத, கனத்த உடல் ஒன்றின்மேல் தந்திகளைக் கட்டினால் என்ன? தந்தியின் ஆற்றல் வீணே சிதறாது தந்தியிலேயே தங்கும், சுரம் நீண்டு நிற்கும், கூவலும் அடங்கும். இக்கேள்வியை எழுப்பியவர் பலர். அவர்களுள் இளமையிலேயே இதனைத் தம் கைகளாற் சோதித்துப் பார்த்தவர் லெஸ் பால்.

அவரது இயற்பெயர் லெஸ்டர் வில்லியம் போல்ஸ்பஸ். 1915ஆம் ஆண்டு ஜூன் மாதம் 9ஆம் திகதி, விஸ்கொன்சின் மாநிலத்தின் வாக்கிஷா என்னும் சிற்றூரிற் பிறந்தார். சிறுவயதிலேயே வாயிசைக் கருவியான ஹார்மோனிகாவும் கித்தாரும் வாசிக்கப் பழகினார். இரண்டையும் ஒருங்கே வாசிக்க விரும்பி, ஹார்மோனிகாவைக் கழுத்திலே தாங்கி நிற்கும் கம்பிச் சட்டம் ஒன்றைத் தாமே வளைத்துச் செய்துகொண்டார். தெருவோர உணவகம் ஒன்றின் முன்னே, வாகனங்களில் அமர்ந்தபடியே உணவருந்துவோர்க்காக அவர் வாசித்த காலத்தில், தொலைபேசியின் பேசும் உறுப்பைக் கழற்றி வானொலிப் பெட்டியோடு இணைத்து ஒலிவாங்கியாக்கினார். பாட்டுக் கேட்டது, கித்தார் கேட்கவில்லை என ஒருவர் குறைகூறினாராம். உடனே கிராமபோனின் ஊசி உறுப்பைக் கித்தாரில் அழுத்தி, அதனை இன்னொரு வானொலிப் பெட்டியோடு பிணைத்தார். பிற்காலத்தில் தம் இளமையைப் பற்றிக் கேட்டவர்களுக்கெல்லாம் அவர் இதனைச் சலியாது கூறிவந்தார்.

கித்தார் கேட்டது, ஆனால் கூவியது. உடலினுள்ளே துணிகளைத் திணித்துப் பார்த்தார். பின்னர் பிளாஸ்டர் ஒப் பாரிஸ் கரைத்து ஊற்றி நிரப்பிப் பார்த்தார். இறுதியில், ஏறக்குறைய இரண்டரை அடி நீளமுள்ள புகையிரதத் தண்டவாளத் துண்டொன்றைத் தேடிக்கொணர்ந்து, அதன்மேல் ஒரு தந்தியைக் கட்டி, கீழே தொலைபேசி உறுப்பை வைத்து மீட்டினார். சுரம் நெடுநேரம் ஓயாது நின்றது. தாம் தேடியது கிடைத்துவிட்டதெனத் தாயாரிடம் ஓடிச் சொன்னபோது, குதிரைமேல் ஏறிய மாட்டுக்காரன் ஒருவன் தண்டவாளத்தை மடியில் வைத்து வாசிப்பதை என்றேனும் கண்டதுண்டா என்னும் பொருள்பட அவர் மறுமொழி கூறினாராம். மகனின் ஆய்வு சரியானது. தாயாரின் மறுமொழியும் சரியானதே. வாத்தியம் என்பது ஒலித்தால் மட்டும் போதாது, மனிதர் அதனைத் தூக்கவும் வேண்டும், அணைத்து வாசிக்கவும் வேண்டும். இரும்பின் உறுதியையும் மரத்தின் இலகுவையும் இணைக்கும் இடைவழியைத் தேடும் வேலை அன்று தொடங்கியது.

சிக்காகோ நகரின் வானொலி நிலையங்களில் அவர் இரு பெயர்களில் வாசித்து வந்தார். காலையில் நாட்டுப்புறப் பாடல்களைப் பாடும்போது 'ரூபாப் ரெட்'. இரவில் ஜாஸ் இசை வாசிக்கும்போது லெஸ் பால். 1930களின் இறுதியில் நியூயோர்க் சென்று, பிரெட் வேரிங் என்பவரின் புகழ்பெற்ற குழுவோடு வானொலியில் வாசித்தார். அக்காலத்தில் நியூயோர்க்கில், கிரேக்க இனத்தவராகிய ஸ்தாதோபூலோ குடும்பத்தினரின் 'எப்பிபோன்' என்னும் கித்தார்த் தொழிற்சாலை இயங்கிவந்தது. வேலை நடவாத ஞாயிற்றுக்கிழமைகளில் அங்குள்ள கருவிகளைப் பயன்படுத்தும் வாய்ப்பு லெஸ் பாலுக்குக் கிடைத்தது. 1940, 1941ஆம் ஆண்டுகளை ஒட்டி அத்தொழிற்சாலையில் உருவாகியதே 'மரக்கட்டை'. பைன் மரத்துண்டில் வேறொரு கித்தாரின் கழுத்தைப் பொருத்தி, தாமே சுற்றிய காந்தச் சுருள்களைப் பதித்து, தந்திகளைக் கட்டினார். தண்டவாளத்திற் கண்ட உண்மை மரத்திலும் பலித்தது.

இனி இரண்டாவது வினா. லெஸ் பால் கூறிய வரலாற்றின்படி, சிறகுகள் இல்லாத வெறுங்கட்டையை அவர் முதலில் நியூயோர்க்கின் குவீன்ஸ் பகுதியில் உள்ள மதுச்சாலை ஒன்றிற்குக் கொண்டு சென்று வாசித்தார். கேட்டோர் எவரும் அதனைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் திரும்பிச் சென்று, எப்பிபோன் கித்தார் ஒன்றின் உடலை இரண்டாக அறுத்து, அப்பாதிகளைக் கட்டையின் இரு புறமும் பொருத்தினார். மீண்டும் அதே இடத்தில் வாசித்தபோது அனைவரும் வியந்து பாராட்டினர். கட்டை அதே கட்டை. தந்தி அதே தந்தி. வாசித்த விரல்களும் அவையே. மாறியது தோற்றம் மாத்திரம். மனிதர் காதால் மட்டுமன்றிக் கண்ணாலும் கேட்கிறார்கள் என்பதை அன்று தாம் அறிந்துகொண்டதாக அவர் கூறுவதுண்டு.

இந்நிகழ்ச்சியை அவர் வாய்மொழியாக மட்டுமே நாம் அறிகிறோம். நெடுங்காலம் வாழ்ந்து, பலமுறை கதை சொன்ன ஒருவரின் நினைவில் நிகழ்ச்சிகள் செப்பமடைந்து மெருகேறுவது இயல்பு. ஆயினும் சாட்சியாக அந்த இரு சிறகுகளும் நாஷ்வில் நகரில் இன்றும் உள்ளன. ஒலிக்கு உதவாத ஒன்றை, ஒலியையே உயிராகக் கொண்ட ஒருவர், அறுத்து, அளந்து, பொருத்தி வைத்திருக்கிறார் என்றால், அதற்குக் காரணம் காண்போரின் கண்களன்றி வேறு யாதாக இருத்தல் கூடும்? வானொலி நேயர்கள் இங்கு ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். வானொலியில் வாசிக்கும் கலைஞனுக்குச் சிறகுகள் தேவையில்லை. அவன் கையில் இருப்பது கட்டையா, கித்தாரா என்பதைக் கேட்போர் அறியார்; சுரம் இனிதா, இல்லையா என்பதையே அறிவர். வானொலியில் வளர்ந்த ஒருவர் கட்டையை வாத்தியமாகக் கருதத் துணிந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

மதுச்சாலையில் இருந்தோரை வென்ற சிறகுகள் வணிகரை வெல்லவில்லை. 1940களில் லெஸ் பால் இந்த எண்ணத்தைக் கிப்சன் நிறுவனத்தாரிடம் கொண்டு சென்றார். கித்தார் ஆக்குவதில் நெடுங்காலப் பெருமை வாய்ந்த நிறுவனம் அது. மெல்லிய பலகையைக் குடைந்து, செதுக்கி, வளைத்து, அது பாடும்படி செய்யும் கைத்திறனே அவர்களின் செல்வம். அத்தகையோர் முன் மரக்கட்டை ஒன்றை வைத்து, இதுவே வருங்காலக் கித்தார் என்றால் அவர்கள் என்ன செய்வர்? காந்தம் பொருத்திய தும்புத்தடியோடு வந்தவர் என்று தம்மை நகையாடினர் என லெஸ் பால் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அவர்களை அறிவிலிகள் எனத் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. ஒரு தொழிலில் தேர்ந்தவர்க்கு, அத்தொழிலின் நுட்பமே தேவையற்றதாகிவிடும் என்னும் செய்தியை ஏற்பது எளிதன்று.

இவ்விடத்தில் உண்மையொன்றைக் கூறாது விடுதல் ஆகாது. கனத்த உடல் கொண்ட மின் கித்தாரைக் கண்டுபிடித்தவர் லெஸ் பாலே எனச் சிலர் எழுதுவர். அது முழு உண்மை அன்று. கலிபோர்னியாவில் ஜோர்ஜ் போசாம் என்பவர் வடித்து, ரிக்கன்பாக்கர் என்பவரின் கூட்டுறவோடு 1932ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த வாத்தியம், அலுமினியத்தில் வார்த்த திண்ணிய உடலைக் கொண்டது. மடிமேற் கிடத்தி, உருக்குத் துண்டால் தந்தியை வருடி வாசிக்கும் ஹவாய்த் தீவு முறைக்கு அது உரியது. அதன் வட்ட உருவையும் நீண்ட காம்பையும் கண்டோர் அதனைப் 'பொரிக்கும் சட்டி' என்றே அழைத்தனர். 1948ஆம் ஆண்டு போல் பிக்ஸ்பி என்னும் கைவினைஞர், மேர்ள் டிராவிஸ் என்னும் கலைஞருக்கு, மெல்லிய திண்மரக் கித்தார் ஒன்றை ஆக்கிக் கொடுத்தார். அதுவும் இன்று நாஷ்வில் நூதனசாலையின் சேகரிப்பிலேயே உள்ளது. லியோ பெண்டர் என்னும் வானொலி பழுதுபார்ப்பவர், 1950ஆம் ஆண்டு இவ்வகைக் கித்தாரைத் தொழிற்சாலையிற் பெருமளவில் ஆக்கி விற்கத் தொடங்கினார். 'டெலிகாஸ்டர்' என்னும் பெயரால் இன்றும் உலகெங்கும் வழங்குவது அதுவே. ஓர் எண்ணத்துக்குக் காலம் கனியும்போது, ஒருவரையொருவர் அறிந்தும் அறியாமலும் பலர் அதனை நோக்கி நடக்கின்றனர். லெஸ் பால் அவர்களுள் ஒருவர். அவரது கட்டையின் சிறப்பு, அது முதலாவது என்பதில் இல்லை. அதன் ஆக்கம் முழுவதும் மறைப்பின்றித் தெரிகிறது என்பதிலேயே உள்ளது.

பெண்டரின் வெற்றி கிப்சன் நிறுவனத்தாரின் எண்ணத்தை மாற்றிற்று. அப்பொழுது அந்நிறுவனத்தின் தலைமையை ஏற்றிருந்த டெட் மக்கார்ட்டி, தாமும் திண்மரக் கித்தார் ஒன்றை ஆக்க முனைந்தார். நகையாடப்பட்ட மனிதரின் நினைவு வந்தது. அதற்குள் லெஸ் பால் நாடறிந்த கலைஞராகியிருந்தார். 1952ஆம் ஆண்டு அவர் பெயரையே தாங்கிய கிப்சன் கித்தார் வெளிவந்தது. அதன் வடிவமைப்பில் லெஸ் பாலின் பங்கு எவ்வளவு, மக்கார்ட்டியின் கீழ்ப் பணியாற்றியோரின் பங்கு எவ்வளவு என்பதில் இரு தரப்பாரும் வேறுபட்டே பேசினர். அவ்வழக்கைத் தீர்ப்பதைவிட அக்கித்தாரின் உருவை நோக்குவது பயன் தரும். மகோகனி மரத்தாலான திண்ணிய உடல். அதன்மேல் மேப்பிள் மரம். அம்மேற்புறம் வயலினின் முதுகைப் போல மெல்ல வளைத்துச் செதுக்கப்பட்டது. அதன்மேல் பொன்னிறப் பூச்சு. உள்ளீடற்ற வாத்தியத்துக்கே இன்றியமையாத அந்த வளைவு, திண்மரத்துக்கு எதற்கு? கிப்சன் நிறுவனத்தாரின் கைத்திறனைக் கண்டோர் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே. மதுச்சாலைக்காகப் பூட்டிய சிறகுகள், வணிகத்துக்காக வேறு வடிவில் திரும்பி வந்தன எனலாம்.

இதற்கிடையே அவரது வாழ்வில் பேரிடர் ஒன்று நிகழ்ந்தது. 1948ஆம் ஆண்டு ஜனவரி மாதம், ஒக்லஹோமா மாநிலத்திற் பனி உறைந்த வீதியில் அவர் சென்ற மோட்டார் வண்டி வழுக்கி வீழ்ந்தது. அவரது வலது முழங்கை நொறுங்கிற்று. இனி அந்த மூட்டு மடங்கி நிமிராது என்றறிந்த அவர், கித்தாரை அணைத்து மீட்டுவதற்கு ஏற்ற கோணத்திலேயே கையை நிலைக்கச் செய்யும்படி வைத்தியர்களை வேண்டினார். அவர்களும் அவ்வாறே செய்தனர். அன்று தொட்டு அவரது வலக்கை, வாத்தியத்துக்கெனவே வளைந்த கையாயிற்று. மரத்தை இசைக்கேற்ப மாற்றியவர் தம் உடலையும் இசைக்கேற்ப அமைத்துக்கொண்டார்.

அதே ஆண்டில், ஒரே கலைஞர் எட்டுக் கித்தார்களின் பகுதிகளைத் தனித்தனியே வாசித்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்த இசைத்தட்டு ஒன்றை அவர் வெளியிட்டார். பின்னர் ஒலிநாடாவில் இம்முறையை வளர்த்து, தம் மனைவி மேரி போர்டுடன் 1951ஆம் ஆண்டு வெளியிட்ட 'ஹவ் ஹை த மூன்' என்னும் இசைத்தட்டு, அமெரிக்க விற்பனை வரிசையில் ஒன்பது வாரங்கள் முதலிடத்தில் நின்றது. இன்று எந்நாட்டிலும் ஒலிப்பதிவுக் கூடங்களில் பாட்டு ஒரு வேளையிலும் வாத்தியம் வேறொரு வேளையிலும் பதியப்பட்டு ஒன்றாகக் கலக்கப்படுகின்றன. இவ்வழக்கம் வேரூன்ற உழைத்தவருள் அவர் முன்னணியில் நிற்பவர்.

அவர் பெயர் தாங்கிய கித்தாரின் விற்பனை 1950களின் இறுதியிற் குன்றிற்று. 1961ஆம் ஆண்டளவில் கிப்சன் நிறுவனத்தார் அவ்வடிவத்தைக் கைவிட்டனர். ஆனால் இங்கிலாந்தின் இளைஞர்கள் பழைய கித்தார்களைத் தேடி வாங்கி, பெருக்கியின் வலுவை எல்லைவரை ஏற்றி வாசித்தபோது, அக்கனத்த மரத்தில் எழுந்த நீண்ட சுரம் புதியதோர் இசைக்கே குரலாயிற்று. 1966ஆம் ஆண்டு எரிக் கிளாப்டன் அதனைக் கொண்டு பதிந்த இசைத்தட்டுக்குப் பின்னர் தேவை பெருகிற்று. 1968ஆம் ஆண்டு நிறுவனத்தார் அதனை மீண்டும் ஆக்கத் தொடங்கினர்.

திண்மரத்தின் இப்பயன் மேலைநாட்டு இசையோடு நின்றுவிடவில்லை. கர்நாடக இசையைப் போற்றும் நேயர்கள் மாண்டலின் ஸ்ரீநிவாஸின் வாசிப்பை மறந்திரார். ஆந்திர நாட்டின் பாலக்கொல்லு என்னும் ஊரில் 1969ஆம் ஆண்டு பிறந்து, 2014ஆம் ஆண்டு சென்னையில் மறைந்த அக்கலைஞர், வழக்கமான மாண்டலினைக் கையாளவில்லை. நான்கு இரட்டைத் தந்திகள் கொண்ட அவ்வாத்தியத்தில் சுரம் எழுந்தவுடன் மறைந்துவிடும். கமகத்தை அசைத்து நிறுத்த அது இடம் தராது. அவர் ஏற்றது, ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலின். திண்ணிய உடலும் காந்தச் சுருளும் சுரத்தை நீட்டித் தந்தன. நீண்ட சுரத்தில் இராகத்தின் வளைவுகள் இடம் பெற்றன. மேடையிற் சிறுவனின் கையில் இருந்த அச்சிறு மேலைநாட்டு வாத்தியத்தைக் கண்டு ஐயுற்றோர், கேட்டபின் ஐயம் தெளிந்தனர். கண் தடுத்ததைக் காது ஏற்றுக்கொண்ட நிகழ்ச்சி அது.

லெஸ் பால் முதுமையிலும் வாத்தியத்தை விடவில்லை. மூட்டுவாதத்தால் விரல்கள் பல மடங்காத நிலையிலும், நியூயோர்க்கில் திங்கட்கிழமை இரவுதோறும் வாசித்து வந்தார். 2005ஆம் ஆண்டு அமெரிக்கத் தேசியக் கண்டுபிடிப்பாளர் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. 2009ஆம் ஆண்டு தமது 94ஆம் வயதில் காலமாகி, பிறந்த ஊராகிய வாக்கிஷாவிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

ஒரு வாத்தியம் நூதனசாலையைச் சேர்ந்தபின் அதன் குரல் பெரும்பாலும் ஓய்ந்துவிடுகிறது. அதன் இசையை இசைத்தட்டிலும் ஒலிநாடாவிலும் தேடிக்கொள்ளலாம். நூதனசாலை காப்பது வேறொன்றை: அது எவ்வாறு ஆக்கப்பட்டது என்னும் உண்மையை. 'மரக்கட்டை'யை ஆக்கியவர் பின்னாளில் செல்வமும் புகழும் பெற்றார். நினைத்திருந்தால் அறுத்த தழும்பை மறைத்து, மெருகிட்டு, முதல் நாளிலிருந்தே அழகாய் இருந்தது போலக் காட்டியிருக்கலாம். அவ்வாறு செய்யாமையால் நமக்கு ஒரு நல்ல பாடம் எஞ்சியிருக்கிறது.

இன்றும் பெரும்பாலான மின் கித்தார்கள் இடை சிறுத்த பழைய உருவையே கொண்டிருக்கின்றன. தொடையில் வைத்து வாசிக்க அந்த வளைவு உதவுகிறது என்பது உண்மை. பழகிய உருவை மனிதர் எளிதில் விடுவதில்லை என்பதும் உண்மை. புதிய கருத்தொன்றைக் கொணர்பவர் அதன் உள்ளுரத்தில் விட்டுக்கொடுக்கலாகாது. லெஸ் பாலும் நடுக்கட்டையை மெலிவிக்கவில்லை. ஆயினும் மக்கள் அஞ்சாது அதனை அணுகும்பொருட்டு, அவர்கள் அறிந்த தோற்றம் சிறிதை அதற்கு அணிவித்தார். கேட்போரிடமும் ஒரு கடமை உண்டு. நமக்குப் பழக்கமில்லாத உருவில் ஒன்று வரும்போது, அதற்குச் சிறகுகள் பூட்டும் வரை காத்திராமல், கண்ணைச் சற்று மூடி அதன் ஒலியைக் கேட்டுப் பார்த்தல் வேண்டும். ஒரு காலத்தில் நகையாடப்பட்ட பைன் மரத்துண்டு ஒன்று, உலகின் இசையையே மாற்றிய கருவிகளின் முன்னோடிகளுள் ஒன்றாக அந்நூதனசாலையிற் பேணப்படுவது, அவ்வாறு கேட்கத் துணிந்தவர் சிலரேனும் இருந்தமையாலன்றோ?